கற்பவர் விரலுக்கு ஏற்ற கம்பி

இசைக் கருவிகளுள் கிற்றாரைப் போல இளைஞர் உள்ளத்தை இலகுவிற் கவர்வது பிறிதொன்று இல்லை எனலாம். மண வீட்டின் பைலாப் பாடலிலும், தேவாலயத்தின் பாடகர் குழுவிலும், மாணவர் விடுதியின் மாலைப் பொழுதிலும் அதன் ஒலி கேட்கின்றது. பிள்ளை விரும்பினான் என்பதற்காகப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். முதல் வாரம் வீடு முழுவதும் அதன் நாதமே. இரண்டாம் வாரம் விரல் நுனிகள் சிவந்து கன்றுகின்றன. மூன்றாம் வாரத்தில் கருவி அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. "இவனுக்கு இசை ஞானம் போதாது" என்று வீட்டார் தீர்ப்பளிக்கின்றனர். பிள்ளையும் அதனை நம்பிவிடுகின்றான்.

இத்தீர்ப்பு பல வேளைகளிற் பிழையானது என்பதே நாம் ஈண்டுக் கூற விரும்புவது. குற்றம் பிள்ளையின் ஞானத்தில் அன்று. கருவியிற் பூட்டியுள்ள கம்பியிலேயே இருத்தல் கூடும். கிற்றாரின் மரத்தையும் மெருகையும் உற்று நோக்கி வாங்குவோர், அதன் ஆறு கம்பிகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆயினும், விரல் தொடுவது மரத்தையன்று, கம்பியையே. கருவியின் விலையோடு ஒப்பிடுகையிற் கம்பியின் விலை அற்பமானது. அச்சிறு பொருளை அறிந்து தெரிந்தெடுத்தால், கைவிடப்படவிருந்த கல்வி ஒன்று காப்பாற்றப்படலாம்.

இரு வேறு கருவிகள்

கம்பி வாங்கப் புறப்படுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்தக் கம்பி சிறந்தது?" என்பதன்று, "நம் வீட்டிலிருப்பது எந்தக் கிற்றார்?" என்பதே. மின்சார உதவியின்றி ஒலிக்கும் கிற்றார்கள் பெரும்பான்மையும் இருவகைப்படும். ஒன்று நைலோன் தந்தி பூட்டுவது; மற்றையது உருக்குக் கம்பி பூட்டுவது. இவை வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தவை போலத் தோன்றினும், உள்ளமைப்பில் வேறுபட்டவை.

நைலோன் வகையைச் சாஸ்திரீயக் கிற்றார் என்பர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அன்ரோனியோ தெ தோரெஸ் (1817 - 1892) என்னும் கைவினைஞர் வகுத்த உருவமே இன்றுவரை அதற்கு அடிப்படையாக உள்ளது. முன்னாளில் அதன் மேற்றந்திகள் விலங்குகளின் குடலை முறுக்கிச் செய்யப்பட்டவை. நம் முன்னோர் யாழின் தந்தியை "நரம்பு" என வழங்கிய சொல்வழக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் குடல்நரம்பு சத்திரசிகிச்சைத் தையலுக்கு வேண்டப்பட்டமையால், இசைவாணருக்கு அது கிடைத்தல் அரிதாயிற்று. 1938ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலோன் அக்குறையைத் தீர்த்தது. நியூயோர்க் நகரில் அல்பேர்ட் ஓகஸ்டின் என்பவர் 1940களில் நைலோன் தந்திகளைச் செய்தளிக்க, ஸ்பெயின் நாட்டின் பெருங்கலைஞர் அன்ட்ரே செகோவியா அவற்றை ஏற்று வாசித்தார். குடல்நரம்பின் காலம் அத்துடன் மறையலாயிற்று.

உருக்குக் கம்பி வகை அமெரிக்காவில் வளர்ந்தது. ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலிருந்து 1833ஆம் ஆண்டில் அங்கு குடியேறிய கிறிஸ்ரியன் பிரெடெரிக் மாட்டின் என்பவர் தொடக்கிய தொழிலகம், 1920களில் உருக்குக் கம்பியின் இழுவையைத் தாங்கும்படி தன் கருவிகளின் உட்சட்டங்களை வலுப்படுத்தியது. பாடலுக்குப் பக்கமாகத் தாளத்தோடு மீட்டப்படும் உரத்த ஒலியுடைய கிற்றார் இவ்வாறு பிறந்தது.

இவ்விரண்டையும் அடையாளங் காண்பது எளிது. கம்பிகள் வந்து முடியும் குதிரையைப் பாருங்கள். அங்கு தந்தி முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருப்பின் அது பெரும்பாலும் நைலோன் கிற்றார். ஆறு சிறு முளைகள் கம்பிகளை அழுத்திப் பிடித்திருப்பின் அது உருக்குக் கிற்றார். நைலோன் கருவியின் கழுத்து அகன்றது. தலைப்பக்கத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீற்றர் அகலமிருக்கும். அதன் தலைப்பகுதியில் இரண்டு நீண்ட பிளவுகள் காணப்படும். உருக்குக் கருவியின் கழுத்து 43 அல்லது 44 மில்லிமீற்றர் அகலமே உடையது.

இவ்வேறுபாட்டை அறியாது நைலோன் கருவியில் உருக்குக் கம்பியைப் பூட்டுவோர் உளர். இதனின் மிக்க கேடு வேறில்லை. நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து கருவியை இழுக்கும் விசை ஏறக்குறைய 80 முதல் 90 இறாத்தல். வழக்கமான மென்வகை உருக்குக் கம்பிகள் இழுப்பதோ 160 இறாத்தல் அளவில். அது வளர்ந்த ஆள் ஒருவரின் பாரத்துக்கு ஒப்பாகும். சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள மேற்பலகை அப்பாரத்தைத் தாங்குமாறு ஆக்கப்படாவிடின், பலகை புடைக்கும், கழுத்து வளையும், ஈற்றிற் குதிரையே பெயர்ந்துவிடும். மறுதலையாக, உருக்குக் கருவியில் நைலோனைப் பூட்டினாற் சேதமில்லை. ஆனால் ஒலி சோர்ந்து உயிரின்றி இருக்கும்.

இன்னும் கருவியே வாங்காதவர்க்கு ஒரு சொல். நைலோன் தந்தி பருமனானது, முதற்றந்தியே 0.7 மில்லிமீற்றர் விட்டமுடையது. இழுவை குறைவாதலின் விரலை அறுக்காது. உருக்கின் முதற்கம்பி அதன் பாதியளவும் இல்லை. ஆகவே இளஞ்சிறார்க்கு நைலோன் கருவி இதமானது. எனினும், பாடலுக்குப் பக்கமாக உரக்க மீட்டுதலே பிள்ளையின் ஆவல் எனின், அவன் மனம் உருக்கின் ஒலியையே நாடும். விரும்பாத ஒலியைத் தரும் கருவியை எந்தப் பிள்ளையும் நெடுநாள் தொடமாட்டான். விரலின் இதத்தோடு செவியின் விருப்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்களின் பொருள்

உருக்குக் கம்பியின் உறையில் 10, 11, 12, 13 என எண்கள் காணப்படும். இவை தரத்தைக் குறிப்பன அல்ல. மிக மெல்லிய முதற்கம்பியின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே அவ்வெண். "12" எனின் 0.012 அங்குலம், அஃதாவது 0.30 மில்லிமீற்றர். ஆறு கம்பிகளும் கொண்ட தொகுதியை அதன் முதல் எண்ணாலேயே கடையில் வழங்குவர். "10" தொகுதி மிக மென்மையானது. அதன் ஆறாம் கம்பி 47 அளவினது. "11" தொகுதி அதற்கு அடுத்தது. "12" தொகுதி 53 அல்லது 54இல் முடியும். "13" தொகுதி 56இல் முடிவது. இழுவை 180 இறாத்தலுக்கும் மேற்பட்டது. தேர்ந்த கைக்கும் வலிய கருவிக்கும் உரியது.

ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்ன பெரிய வேற்றுமை என எண்ணத் தோன்றும். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் மாணவர் இதற்கு விடை கூறுவர். மரின் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அதிரும் தந்தியின் விதிகளை வகுத்துரைத்தார். இன்று சுரமானியைக் கொண்டு மாணவர் வாய்ப்புப் பார்க்கும் விதிகள் அவையே. அவற்றின்படி, ஒரே நீளமுள்ள தந்திகள் ஒரே சுரத்தைத் தரவேண்டுமாயின், விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை கூடவேண்டும். 10ஐ 12 ஆக்கினால் விட்டம் ஐந்தில் ஒரு பங்கே கூடுகின்றது. இழுவிசையோ 44 வீதம் கூடுகின்றது. முதற்கம்பி 16 இறாத்தலில் நின்றது 23 இறாத்தலுக்கு ஏறும். பிள்ளையின் சுண்டுவிரல் உணர்வது இந்த வேற்றுமையையே.

புதிய கிற்றார்கள் பல 12 தொகுதி பூட்டப்பட்டே கடைக்கு வருகின்றன. உறையில் "லைட்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, அது கற்பவர்க்கு மென்மையானதே எனக் கொள்வது தவறு. அச்சொல் 13உடன் ஒப்பிட்டு வந்தது. தொடக்க மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது 11 தொகுதி. அதில் வலி குறையும், ஒலியும் மெலிந்துவிடாது. விரல் மிக மென்மையானவரும் முதியோரும் 10இல் தொடங்கலாம். ஆயின் 10இன் ஒலி சற்று மெலிந்திருக்கும். உரக்க மீட்டினாற் கம்பி மெட்டுகளில் மோதிக் கறகறக்கும். ஆண்டொன்று சென்றபின் 12க்கு மாறுவதில் தடையில்லை.

சிறுவர்க்கெனச் செய்யப்பட்ட குறுகிய கிற்றாருக்கு இக்கணக்குச் சற்று வேறுபடும். கம்பியின் நீளம் குறைந்தால், அதே சுரத்துக்கு இழுவிசையும் குறையும். ஆதலால் சிறு கருவியில் 10 தொகுதி தளர்ந்து தொய்ந்துவிடும். அதற்கு 11 அல்லது 12 பொருந்தும். சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கம்பி என்னும் எண்ணம் இங்கு பயன்படாது.

இன்னுமொரு குறிப்பு. மின்சாரக் கிற்றாரின் கம்பிகள் மெல்லியவை என்பதால் அவற்றை வாங்கிப் பூட்டுவாரும் உண்டு. அத்தொகுதியிற் பெரும்பாலும் மூன்றாம் கம்பி சுற்றில்லாத வெறுங்கம்பி; தடித்த கம்பிகளின் சுற்றும் காந்தத்துக்கு இசையுமாறு நிக்கல் பூசியது. மரப் பெட்டியில் அவற்றின் ஒலி சிறுத்துவிடும்.

உலோகத்தின் குணம்

உருக்குக் கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளும் உருக்கு நடுக்கம்பியின் மேல் வேறோர் உலோகத்தைச் சுற்றிச் செய்யப்படுவன. அச்சுற்றே ஒலியின் நிறத்தை வேறுபடுத்துகின்றது. "80/20 வெண்கலம்" என்பது நூற்றில் 80 பங்கு செம்பும் 20 பங்கு நாகமும் சேர்ந்தது. நாகம் கலந்த செம்பு பித்தளையே யாதலின், வெண்கலம் என்பது வணிகர் இட்ட பெயர் எனலாம். புதிதாயிருக்கையில் இதன் ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால் விரைவில் மங்கும். "பொசுபர் வெண்கலம்" என்பது செம்புடன் சிறிது வெள்ளீயமும் மிகச் சிறிதளவு பொசுபரசும் சேர்ந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டடாரியோ குடும்பத்தார் இதனைக் கிற்றார்க் கம்பிக்குப் பயன்படுத்தினர். இதன் ஒலி கனிவானது. சற்று நீடித்து நிற்பது. முதன்முறை வாங்குவோர் பொசுபர் வெண்கலத்தைத் தெரிந்தெடுத்தால் ஏமாற்றமடையார்.

உருக்கு நடுக்கம்பியோடு பட்டிழை சேர்த்துச் சுற்றிய வகையும் உண்டு. அதன் இழுவை குறைவு; ஒலி மிருதுவானது. விரல் வலியால் கருவியைக் கைவிடும் நிலையில் உள்ளவர்க்கு இது நல்ல துணை. நுண்ணிய பிளாஸ்டிக் படலம் பூசிய கம்பிகளும் 1990களிலிருந்து கிடைக்கின்றன. விலை கூடியதாயினும், வியர்வையையும் துருவையும் தடுத்து நெடுநாள் உழைக்கும்.

உப்புக் காற்றும் வியர்வையும்

கடல் சூழ்ந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. கொழும்பிலும் காலியிலும், யாழ்ப்பாணக் கரையிலும் மட்டக்களப்பு வாவியோரத்திலும் காற்றே ஈரமும் உப்பும் கலந்தது. அதனோடு விரலின் வியர்வையும் சேருமாயின், உருக்குக் கம்பி சில கிழமைகளிலேயே கறுத்துத் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி அரம் போல விரலை உராயும், சுருதியிலும் நில்லாது. பிள்ளை எவ்வளவு முயன்று மீட்டினும் ஒலி பிசகும். செவியும் அப்பிசகுக்கே பழகிவிடும்.

ஆகவே வாசிக்குமுன் கைகளைக் கழுவித் துடைத்தலும், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியாற் கம்பிகளை மேலும் கீழும் துடைத்தலும் நன்று. கருவியைச் சாளரத்தடியில் வைத்தலாகாது. உறையிலிட்டு வைத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரு மணிநேரம் பயில்வோர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கம்பிகளை மாற்றுதல் தகும். கம்பி நிறம் மங்கினாலும், மெட்டுகள் படும் இடத்தில் தழும்பு விழுந்தாலும், அடிக்கடி சுருதி கலைந்தாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்க. நைலோன் துருப்பிடியாது, ஆயினும் அதன் அடித் தந்திகள் மூன்றும் உலோகச் சுற்றுள்ளவை ஆதலின் அவையும் மங்கும்.

கம்பியாற் தீராத குறை

மென்மையான புதுக்கம்பி பூட்டிய பின்னரும் விரல் வலி அடங்காவிடின், கம்பிக்கும் மெட்டுகளுக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து பார்த்தல் வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். உருக்குக் கருவியில் அவ்வுயரம் 2 முதல் 2.5 மில்லிமீற்றரும், நைலோன் கருவியில் 3 முதல் 4 மில்லிமீற்றரும் இருத்தல் பொதுவழக்கு. இதனின் மிக்க உயரம் இருப்பின், எந்தக் கம்பியும் விரலை வருத்தவே செய்யும். மலிவான கருவிகளில் இக்குறை மிகுதி. குதிரையின் மேலுள்ள எலும்பு போன்ற தாங்கியை அளவாகத் தேய்த்தும், உருக்குக் கருவியாயின் கழுத்தினுள்ளே பதிந்துள்ள உருக்குக் கோலைத் திருகியும் இதனைச் சீர்செய்வர். இது பழகிய கைவினைஞரின் வேலை. வீட்டிற் செய்து பார்த்தலாகாது.

பணச் செலவின்றி வலியைக் குறைக்கும் வழியும் ஒன்றுண்டு. ஆறு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கிச் சுருதி கூட்டினால், இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். முதல் மாதம் இவ்வாறு பயின்று, விரல் நுனி உரமேறியபின் உரிய சுருதிக்கு ஏற்றலாம். பாடற் சுருதி மாறிவிடும் என்பார், கழுத்தின் இரண்டாம் மெட்டிற் பிடியொன்றை மாட்டி அதனைச் சரிசெய்யலாம்.

கடையிலும் வீட்டிலும்

கடைக்குச் செல்லும்போது கருவியையும் உடன் கொண்டு செல்வது நன்று. இயலாவிடின் குதிரையையும் தலைப்பகுதியையும் படம் பிடித்துச் செல்க. "கிற்றார்க் கம்பி ஒன்று தாருங்கள்" என்று கேளாது, "உருக்குக் கிற்றாருக்கு, 11 தொகுதி, பொசுபர் வெண்கலம்" என்று கேட்டல் வேண்டும். நைலோன் எனின் "நோர்மல் ரென்ஷன்" என உறையிற் குறித்த வழக்கமான இழுவைத் தொகுதியே கற்பவர்க்குப் போதும். உறை பிரிந்ததும் நெடுநாட் கிடந்ததுமான கம்பியை மலிவென்று வாங்குதல் சிக்கனமாகாது. முதற்கம்பியே அடிக்கடி அறுவதாதலின், அதில் ஒன்றை மேலதிகமாக வாங்கி வைத்தல் புத்தி.

மாற்றும்போது ஆறையும் ஒருங்கே கழற்றாது, ஒவ்வொன்றாக மாற்றுதல் கற்பவர்க்கு எளிது. பழைய கம்பியை நன்கு தளர்த்திய பின்னரே கழற்றுக. இறுகிய கம்பியை வெட்டினால் அது சுழன்று கண்ணிற் படக்கூடும். புதியதை முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று வருமாறு பூட்டி, மெல்ல மெல்ல ஏற்றுதல் வேண்டும். தடித்த ஆறாம் கம்பியிலிருந்து இவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என மேல்நாட்டார் வழங்குவர். ஐந்தாம் கம்பியாகிய ஏ, செக்கனுக்கு 110 முறை அதிர்வது. புதுக்கம்பி உருக்காயின் ஓரிரு நாளும், நைலோனாயின் ஒரு கிழமை அளவும் நீண்டுகொண்டே இருக்கும். சுருதி இறங்குகின்றதே என்று அஞ்ச வேண்டியதில்லை; மீண்டும் மீண்டும் கூட்டிக்கொள்க.

தக்க கம்பி பூட்டிய பின்னும் சிறிது வலி இருக்கவே செய்யும். விரல் நுனித் தோல் தடிப்பேற இரண்டு முதல் நான்கு கிழமைகள் செல்லும். அக்காலத்தில் ஒரே மூச்சில் இரண்டு மணிநேரம் வாசிப்பதிலும், பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை வாசிப்பது மேலானது. தோல் கொப்பளித்தால் ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும். இஃது உடலின் இயல்பான பயிற்சி. இதற்கு மேற்பட்டு நாள்தோறும் விரலை வருத்தும் வலியோ கருவியின் குறையைக் காட்டுவது. அதனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கல்வியாகாது.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளை கருவியைத் தொடத் தயங்கும் நாளில், அவனுடைய ஞானத்தை அளக்குமுன் கம்பியின் தடிப்பை அளந்து பாருங்கள். துருவைத் துடைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இம்மூன்றும் செவ்வையாயிருக்க, ஒரு மாதம் பயின்ற பின்னரும் அவன் மனம் செல்லாவிடின், வேறொரு கலையை நாடுதற்கு அவனுக்கு உரிமையுண்டு. அதுவரை தீர்ப்பை ஒத்திவைத்தலே நீதி.